கேசி ஸ்டெங்கலின் தவறை நான் திருத்தலாமா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், பழைய பேஸ்பால் சீசன்களைப் பகடையிலும் கணினியிலும் மறுபடி ஆடிப் பார்க்கும் என் பழக்கத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். "நடந்தது நடந்தபடியே வர வேண்டுமா, ஆடுகிறவர் இஷ்டத்துக்கு மாறலாமா?" என்று கடைசியில் கேட்டிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஆறை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் பிட்ஸ்பர்க்குக்கு வந்து 26 வருடம் ஆகிறது. பேஸ்பால் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கொடுத்த, வீரர்களின் அட்டைகள் அடங்கிய ஆட்டப்பெட்டிதான் இன்றும் என் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. அதனால் என் பதில்களில் பிட்ஸ்பர்க் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

கேள்வி: பகடையை உருட்டினால் வரலாறு எப்படி வரும்? எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். – வாசகர், திண்டுக்கல்

பள்ளிக்கூடத்தில் புக் கிரிக்கெட் ஆடியிருப்பீர்கள். புத்தகத்தைப் பட்டென்று திறந்து, இடது பக்க எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 4 என்றால் நாலு ரன், 6 என்றால் ஆறு, 0 என்றால் அவுட். அந்த ஆட்டத்தில் கவாஸ்கரும் சந்திரசேகரும் ஒன்றுதான். டெஸ்ட் போட்டிகளில் 242 விக்கெட் எடுத்து, மொத்தமாகவே 167 ரன் அடித்தவர் சந்திரசேகர். எங்கள் வகுப்பில் சமூக அறிவியல் புத்தகத்தை வைத்து அவர் சதமே அடித்திருக்கிறார்.

அவருக்கும் கவாஸ்கருக்கும் தனித்தனிப் புத்தகம் கொடுத்தால் என்ன ஆகும்? சந்திரசேகரின் புத்தகத்தில் பாதிப் பக்கம் பூஜ்யத்தில் முடியும்படி அச்சடித்தால்? அதுதான் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக். நியூயார்க்கைச் சேர்ந்த ஹால் ரிச்மேன் 1961-ல் விற்க ஆரம்பித்த ஆட்டம். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை, அட்டையில் மூன்று நெடுவரிசை. மூன்று பகடையை உருட்டுகிறீர்கள். ஒரு பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும், 4 முதல் 6 வரை விழுந்தால் பிட்சரின், அதாவது பந்து வீசுகிறவரின், அட்டையை. மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். இரண்டு பகடையில் 7 விழ ஆறு வழி உண்டு, 2 விழ ஒரே வழிதான். அதனால் ஹோம் ரன்னை (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) 7-க்கு நேரே அச்சடிப்பதா 2-க்கு நேரே அச்சடிப்பதா என்பதில் ஒரு வீரரின் பலமே அடங்கிவிடுகிறது. இதற்குப் பத்து வருடம் முன்பே, 1951-ல், பென்சில்வேனியாவின் லங்காஸ்டரிலிருந்து ஆப்பா என்ற ஆட்டம் வந்திருந்தது. அதிலும் அட்டையும் பகடையும்தான்.

ஆக, அட்டையில் அச்சாகியிருப்பது ஒரு வீரர் என்ன செய்தார் என்பதல்ல, என்ன செய்யக்கூடியவர் என்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கடிதத்துக்கு வாருங்கள்.

கேள்வி: 1960 வேர்ல்டு சீரிஸை (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) நானும் என் தம்பியும் பத்துத் தடவை ஆடினோம். நான் பிட்ஸ்பர்க் பைரட்ஸ். எட்டுத் தடவை நியூயார்க் யாங்கீஸ்தான் ஜெயித்தது. உண்மையில் ஜெயித்தது பைரட்ஸ் அல்லவா? ஆட்டத்திலேயே கோளாறா? – வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

கோளாறு எதுவும் இல்லை. எங்கள் ஊரில் இதைச் சத்தமாகச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன்: அந்த ஏழு ஆட்டத்தில் யாங்கீஸ் எடுத்தது 55 ரன், பைரட்ஸ் எடுத்தது 27. யாங்கீஸ் ஜெயித்த மூன்று ஆட்டங்கள் 16–3, 10–0, 12–0. பைரட்ஸ் ஜெயித்த நான்கில் எதிலுமே வித்தியாசம் மூன்று ரன்னைத் தாண்டவில்லை. தொடரின் சிறந்த வீரர் விருதே தோற்ற அணியின் பாபி ரிச்சர்ட்ஸனுக்குப் போனது.

ஏழாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் 7–4 என்று முன்னால் நிற்கிறது. பைரட்ஸின் பில் வெர்டன் தரையோடு அடித்த பந்து எதிலோ பட்டு எகிறி, யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்பவர்) டோனி குபெக்கின் தொண்டையில் அடிக்கிறது. இரட்டை அவுட் ஆக வேண்டிய பந்து அது. அங்கிருந்து ஆட்டம் திரும்புகிறது. ஹால் ஸ்மித் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னில் பைரட்ஸ் 9–7. ஒன்பதாவதில் யாங்கீஸ் சமன் செய்கிறது. கடைசிப் பாதியில் முதல் ஆளாக வந்த பில் மாஸராஸ்கி இரண்டாவது பந்தை இடதுபக்கச் சுவருக்கு மேலே அனுப்புகிறார், 10–9. அந்த சீசன் முழுக்க 11 ஹோம் ரன் மட்டுமே அடித்த மனிதர். இன்னொன்று, அந்த ஆட்டத்தில் இரண்டு பக்கத்திலும் ஒரு ஸ்ட்ரைக்அவுட் (பேட்டர் மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) கூடக் கிடையாது. வேர்ல்டு சீரிஸ் ஆட்டங்களில் அப்படி வேறொன்று இல்லை.

இப்படி ஒரு ஆட்டத்தைப் பத்தில் ஏழு முறை உங்கள் பகடை திருப்பிக் கொடுத்தால்தான் நான் சந்தேகப்படுவேன். பைரட்ஸ் ஜெயிக்கும்படி அட்டையைச் சாய்த்து அச்சடித்தால், 'முடிவு சரியாக வருகிறது' என்று சொல்லலாம். ஆனால் அந்த மத்தியானம் எவ்வளவு பெரிய அதிசயம் என்பது காணாமல் போய்விடும். எட்டுத் தடவை தோற்ற பிறகு ஒன்பதாவதில் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள். அப்போது தம்பி முகத்தைப் பார்த்தீர்களா? அதுதான் 1960.

இன்னொரு விஷயமும் கேட்க வேண்டும். உங்கள் தம்பி முதல் ஆட்டத்தில் யாரைப் பிட்ச் செய்ய வைத்தார்? யாங்கீஸின் தலைசிறந்த பிட்சர் வைட்டி ஃபோர்டையாக இருந்தால் எட்டு தோல்வி எனக்கு ஆச்சரியமே இல்லை. யாங்கீஸ் மேனேஜர் கேசி ஸ்டெங்கல் முதல் ஆட்டத்துக்கு ஆர்ட் டிட்மாரை இறக்கினார். டிட்மார் முதல் இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை. ஃபோர்டுக்கு மூன்றாவது, ஆறாவது ஆட்டங்கள்தான் கிடைத்தன. இரண்டிலும் 9 இன்னிங்ஸ் போட்டு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. முதல் ஆட்டத்திலேயே அவரை இறக்கியிருந்தால் ஏழாவதுக்கும் வந்திருப்பார் என்று அன்றைக்கே பேசினார்கள், இன்றைக்கும் பேசுகிறார்கள். தொடர் முடிந்த கையோடு ஸ்டெங்கலின் வேலையும் போனது.

ஃபோர்டை முதலில் இறக்குவது வரலாற்றுப் பிழையா என்றால், இல்லை என்பதே என் பதில். ஸ்டெங்கல் கையில் அந்த முடிவு இருந்தது. வேறு விதமாக எடுக்க அவருக்கு முழு உரிமையும் இருந்தது. அன்று ஒரு மனிதரால் மாற்றி முடிவெடுத்திருக்க முடியுமென்றால், ஆடுகிற உங்களாலும் முடிய வேண்டும். பைரட்ஸின் சொந்த மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் இடது-நடுச் சுவர் 457 அடியில் இருந்தது. அதை மட்டும் நகர்த்தாதீர்கள். மைதானமும் பந்தும் விதியும் அன்றைக்கு இருந்தபடியே இருந்தால்தான் ஸ்டெங்கலின் இடத்தில் உட்கார்ந்ததாக அர்த்தம்.

(அந்தச் சுவரின் ஒரு பகுதி இன்னும் பிட்ஸ்பர்க்கின் ஓக்லண்ட் பகுதியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒவ்வொரு அக்டோபர் 13 அன்றும் அங்கே கூடி அந்த ஆட்டத்தின் வானொலி வர்ணனையைக் கேட்பார்கள். பெரியவர் இருந்தவரை நானும் அவரும் டப்பாவில் லெமன் சாதம் கட்டிக்கொண்டு போவோம். என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தும், குபெக் கட்டத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொள்வார்.)

கேள்வி: எங்கள் நண்பர்கள் லீக்கில் ஒருவன், வருஷத்தில் நாலைந்து தடவை மட்டும் பேட் பிடித்த வீரர்களைத் தேடிப்பிடித்து எல்லா ஆட்டத்திலும் இறக்குகிறான். 'சுதந்திரம்' என்கிறான். என்ன செய்வது? – வாசகர், டாலஸ்

ஜான் பாசியோரெக்கைக் கண்டுபிடித்துவிட்டாரா என்று கேளுங்கள். 1963 சீசனின் கடைசி நாளில் ஹூஸ்டனுக்காக ஆடினார். மூன்று முறை அடிக்கப்போய் மூன்றிலும் ஹிட், இரண்டு வாக் (நாலு தப்பான பந்துக்குச் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்), நாலு ரன். அப்புறம் முதுகு வலி. பெரிய லீக்கில் (மேஜர் லீக்) மறுபடி ஆடவே இல்லை. வாழ்நாள் சராசரி (அடிக்கப்போனதில் எத்தனை பங்கு ஹிட் என்பது) 1.000. அவருக்கு அந்த ஒரு நாளை வைத்து அட்டை அடித்து 162 ஆட்டத்திலும் இறக்கினால் அவர் அட்டையைப் பார்க்கிற போதெல்லாம் உலகத்தில் எந்தப் பிட்சராலும் அவரை அவுட் ஆக்க முடியாது.

இது ஸ்டெங்கல் விஷயம் மாதிரி அல்ல. ஸ்டெங்கலால் ஃபோர்டை இறக்கியிருக்க முடியும். பாசியோரெக்கை வருஷம் முழுக்க இறக்க ஹூஸ்டனால் முடிந்திருக்காது, அவர் முதுகு விட்டிருக்காது. அட்டை பொய் சொல்லவில்லை, ஒரு நாளின் உண்மையை மட்டும் சொல்கிறது. உங்கள் நண்பர் அதை ஒரு வருடத்தின் உண்மையாக்குகிறார். உண்மையில் எத்தனை முறை பேட் பிடித்தாரோ அதற்குக் கொஞ்சம் மேலே வரைக்கும்தான் இறக்கலாம் என்று விதி போடுங்கள். பழைய கைகள் எல்லாரும் அப்படித்தான் ஆடுகிறார்கள். நண்பர் கோபித்துக்கொண்டால் ஒரு நாள் மட்டும் பாசியோரெக்கைக் கொடுங்கள். அந்த ஒரு நாள் அவருக்கு உரியதுதானே.

கேள்வி: என் அண்ணனின் பழைய வீடியோ கேம் எம்விபி பேஸ்பால் 2005-ல் பாரி பாண்ட்ஸைக் காணோம். அவர் இடத்தில் ஜான் டவுட் என்று யாரோ இருக்கிறார். யார் இது? – வாசகர், சிங்கப்பூர்

அவர்தான் பாண்ட்ஸ், பெயர் மட்டும் கற்பனை. வீரர்கள் சங்கத்தின் கூட்டு உரிம ஒப்பந்தத்திலிருந்து பாண்ட்ஸ் தனியே விலகிவிட்டார். அதனால் அவர் பெயரையும் முகத்தையும் பயன்படுத்த முடியாமல், அதே பலத்தோடு வேறொரு ஆளை வைத்தார்கள். வரலாறு விடுபடுவதற்கு வக்கீல் கடுதாசியும் ஒரு காரணமாகலாம்.

கேள்வி: அக்கா, என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. 1938 பைரட்ஸ் அணியில் ஜாஷ் கிப்சனைச் சேர்த்து ஆடுகிறாள். அவர் கறுப்பினத்தவர், அப்போது அவரைச் சேர்த்திருக்கவே மாட்டார்கள் என்றேன். "அதனால்தான் சேர்த்தேன்" என்கிறாள். இது வரலாற்றை மறைப்பதாகிவிடாதா? – வாசகி, டொராண்டோ

இந்தக் கடிதத்தைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் மகள் தேர்ந்தெடுத்த வருடம் அப்படிப்பட்டது. அவளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

அந்தக் காலத்தில் பிட்ஸ்பர்க்கில் பைரட்ஸ் மட்டும் இல்லை. ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் என்று கறுப்பின வீரர்களின் இரண்டு பெரிய அணிகள் இருந்தன. பைரட்ஸ் வெளியூர் போயிருக்கும்போது கிரேஸ் அணி அதே ஃபோர்ப்ஸ் ஃபீல்டை வாடகைக்கு எடுத்து ஆடும். கிப்சன் அந்த மைதானத்தில் நின்றவர்தான், அந்தச் சுவரைப் பார்த்து அடித்தவர்தான். பைரட்ஸ் சட்டையைப் போட மட்டும் அவருக்கு அனுமதி இல்லை. எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது, முதலாளிகளுக்குள் ஓர் உடன்பாடு, அவ்வளவுதான்.

1937 டிசம்பர். பைரட்ஸ் மேனேஜர் பை ட்ரேனர் சிகாகோவில் முதலாளிகள் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகையின் விளையாட்டு எழுத்தாளர் செஸ்டர் வாஷிங்டன் அவருக்கு ஒரு தந்தி அடிக்கிறார். உங்கள் அணிக்கு ஆள் தேவை, ஆட்கள் இதே ஊரில் இருக்கிறார்கள் என்று சொல்லி ஐந்து பெயர்: கேட்சர் ஜாஷ் கிப்சன், முதல் பேஸுக்கு பக் லெனர்ட், பிட்சர்கள் ரே பிரவுனும் சாட்செல் பேஜும், அப்புறம் கூல் பாப்பா பெல். பதில் வரவில்லை.

அடுத்த வருடம், உங்கள் மகள் ஆடும் அதே 1938-ல், பைரட்ஸ் கிட்டத்தட்ட பட்டத்தைத் தொட்டது. செப்டம்பர் 28 அன்று சிகாகோவில், இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில், கப்ஸ் அணியின் கேபி ஹார்ட்நெட் கடைசி இன்னிங்ஸில் அடித்த ஒரு ஹோம் ரன் அதைப் பறித்துக்கொண்டது. சீசன் முடிவில் பைரட்ஸ் பின்தங்கியது இரண்டே ஆட்டம். தந்தியில் இருந்த ஐந்து பேருமே பிற்பாடு பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றவர்கள்.

ஆகவே மகள் செய்வது மறைப்பதல்ல. ட்ரேனருக்கு வந்த தந்திக்கு அவள் பதில் போடுகிறாள். இதுவும் மனிதர்கள் எடுத்த முடிவுதான். ஸ்டெங்கலின் முடிவை மாற்ற நமக்கு உரிமை உண்டென்றால், இதை மாற்ற பத்து மடங்கு உரிமை உண்டு.

எனக்கு வருத்தம் தருவது வேறு விதமான ஆட்டம். 1938 என்று தலைப்புப் போட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் கிப்சனைப் பைரட்ஸ் சட்டையில் நிறுத்திவிடுவது. அதை ஆடி வளரும் குழந்தை, அவர் அங்கே சாதாரணமாக ஆடியவர் என்றே நினைத்துக்கொள்ளும். நாம் திறந்த கதவு, ஒரு காலத்தில் பூட்டியிருந்தது என்பது தெரிந்தாக வேண்டும். கிப்சனை அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்கும்போதெல்லாம் நான் ஒரு துண்டுக் காகிதத்தில் தேதியை எழுதி அட்டையோடு செருகி வைக்கிறேன்: '1937 டிசம்பர், தந்தி, பதில் இல்லை'. உங்கள் மகளும் வேண்டுமானால் அப்படிச் செய்யட்டும்.

கிப்சனின் அட்டையை எதை வைத்து அடிக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த அணிகளின் கணக்குகளைப் பெரிய லீக் காப்பாற்றி வைக்கவில்லை. கூரியர் மாதிரி பத்திரிகைகளில் வந்த ஸ்கோர் விவரங்களை ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார்கள். 2009-ல் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் அந்த வீரர்களுக்கென்றே தனித் தொகுப்பு வெளியிட்டது. 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளும் (கறுப்பின வீரர்களின் லீக்குகள்) பெரிய லீக்குகளே என்று மேஜர் லீக் பேஸ்பால் ஒத்துக்கொண்டது 2020 டிசம்பரில்தான். அந்தக் கணக்குகள் அதிகாரப்பூர்வப் பட்டியலில் ஏறியது 2024-ல். அன்று 0.372 சராசரியோடு கிப்சன், அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தார். ஆட்டக்காரர்களின் மேஜைக்கு அவர் 15 வருடம் முன்னாலேயே வந்துவிட்டார் என்பதில் எனக்குப் பெருமைதான்.

கடைசியாக ஒன்று. 1947 ஜனவரி 20 அன்று, 35 வயதில், கிப்சன் இறந்தார். அந்தத் தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்க மூன்று மாதம்கூட இல்லை. அதே ஜனவரியில் பைரட்ஸ், ஹேங்க் கிரீன்பெர்க்கை விலைக்கு வாங்கியது. அவர் ஹோம் ரன் அடிக்க வசதியாக ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் இடது எல்லையை 30 அடி உள்ளே கொண்டுவந்தார்கள். பைரட்ஸின் முதல் கறுப்பின வீரர் என்று பொதுவாகச் சொல்லப்படும் கர்ட் ராபர்ட்ஸ் ஆடியது 1954-ல். மகள் சுவரை நகர்த்தக் கேட்டால் இதையும் சொல்லுங்கள். கிப்சனுக்குச் சுவர் எங்கே இருந்தாலும் போதும்.

கேள்வி: பைரட்ஸ் வீரர் ரொபர்டோ கிளமென்டே 1972-ல் விமான விபத்தில் இறந்தார். என் கணினி ஆட்டம் அவரை 1973-லும் ஆட விடுகிறது. விடலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

உண்மையான தேதியில் வீரர்கள் ஓய்வு பெறும்படி வைக்கவும், ஆட்டமே தீர்மானிக்கும்படி விடவும் பல விளையாட்டுகளில் வழி இருக்கிறது. இரண்டும் நியாயம்தான். அவருக்கு 38 வயது, அந்த சீசனில் 0.312 அடித்திருந்தார். இன்னும் இரண்டு வருடம் நிச்சயம் ஆடியிருப்பார். விடுங்கள், ஆடட்டும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு எந்தத் தடையும் இல்லை.

நான் விடுவதில்லை. சீசன் ஆட்டங்களில் அவர் எடுத்த ஹிட்டுகள் சரியாக 3,000. அதில் கடைசி ஹிட் 1972 செப்டம்பர் 30 அன்று. நிகரகுவாவில் பூகம்பம் வந்து, நிவாரணச் சாமான்கள் உரியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, டிசம்பர் 31 அன்று தானே விமானத்தில் ஏறினார். அதுவும் ஒரு மனிதர் எடுத்த முடிவு, இவ்வளவு நேரம் நான் சொன்ன கணக்குப்படி அதையும் நாம் மாற்றலாம். ஆனால் ஸ்டெங்கலின் முடிவும் முதலாளிகளின் முடிவும் தவறு என்று நினைத்துத்தான் மாற்றினேன். கிளமென்டேயின் முடிவைத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1973 சீசனை ஆடும்போது அவர் இடத்தில் வேறு ஒருவரை இறக்குகிறேன். அவருடைய அட்டை 1972 சீசன் அட்டைக் கட்டுக்குள்ளேயே இருக்கிறது.